எழுத்து ஓடுது

"உங்க பொண்ணு வகுப்புக்கு வர்றதே இல்லைம்மா. இப்படியே போனா பரீட்சை எழுத விடமாட்டோம். வீட்டுல தெரியுமா, தெரியாதா?"

பல்கலைக்கழகத்தின் துறை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் குரல். கேட்டவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

"யார் வீட்டுக்கோ போட வேண்டிய போனை எனக்குப் போட்டுட்டீங்க. என் பொண்ணு இந்த நிமிஷம் வகுப்புலதான் இருக்கா. நான் பார்த்துக்கிட்டே இருக்கேன்."

"எங்கேர்ந்து?"

"என் சமையலறையிலேர்ந்து!"

பொய்யில்லை. மிக்ஸிக்குப் பக்கத்தில் வைத்திருந்த கம்ப்யூட்டர் திரையில் புள்ளியியல் பாடம் வரி வரியாக ஓடிக்கொண்டிருந்தது.

வகுப்பில் குறிப்பெடுக்க டிஜிட்டல் பேனாவும் அதற்கான கறுப்புப் பலகையும் வேண்டும் என்று மகள் கேட்டபோதே அவளுக்குப் பிடிக்கவில்லை. பலகையில் எழுதினால் பலகையில் ஒன்றும் தெரியாதாம். லேப்டாப் திரையில்தான் தெரியுமாம்.

"சிலேட்டுல எழுதினா சிலேட்டுல தெரியணும். இதென்னடி கண்கட்டு வித்தை?"

கடைசியில் ஒரு நிபந்தனையோடு வாங்கிக் கொடுத்தாள். மகள் எழுதுவது, எழுத எழுத, வீட்டுக் கம்ப்யூட்டரிலும் தெரிய வேண்டும்.

"அம்மா, இதுக்குப் பேர் உளவு."

"ஆமாடி. பெத்தவளுக்கு வேற என்ன உத்தியோகம்?"

அன்று முதல் அவளுக்கு டிவி சீரியல் தேவைப்படவில்லை. எழுத்து ஓடினால் மகள் வகுப்பில் இருக்கிறாள். எழுத்து மட்டும் கோழி கிளறின மாதிரி இருக்கும். 'கை ஓரிடம், கண் ஓரிடம்னா யார் எழுதினாலும் இப்படித்தான் வரும்' என்று மகள் சொல்லியிருந்தாள். போகட்டும், அழகுக்கா மார்க் போடப் போகிறார்கள்?

"அம்மா, லைன்ல இருக்கீங்களா?" போனில் அந்தப் பெண் விடவில்லை. "அதே பேர்ல வேற யாரும் இல்ல. உங்க பொண்ணுதான். இந்தப் பருவம் தொடங்கினப்போ கொஞ்ச நாள் வந்தா. அதுக்கப்புறம் ஆளையே காணோம்."

திரையில் ஒரு வரி முடிந்தது. அதன் கீழே யாரோ நிதானமாகக் கோடு போட்டார்கள்.

யாரோ!

அப்படியானால் தினமும் காலையில் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு 'வரேம்மா' என்று போகிறவள் எங்கே போகிறாள்? யாரோடு போகிறாள்?

மகளின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கணவருக்குப் போட்டாள்.

"மீட்டிங்ல இருக்கேன்." கிசுகிசுத்தார்.

"மீட்டிங்காவது மண்ணாங்கட்டியாவது! உங்க சீமந்தபுத்திரி வகுப்புக்கே போறதில்லையாம். எவளையோ உட்கார வச்சு எழுத வச்சு, இத்தனை நாளா என் காதுல பூ சுத்தியிருக்கா. எவன் பின்னாடி திரியறாளோ! எல்லாம் நீங்க குடுத்த செல்லம்."

"அப்... அப்புறம் பேசறேன்."

வைத்துவிட்டார். எந்தக் காலத்தில் இந்த மனிதர் முழுசாகப் பேசியிருக்கிறார்!

திரையைப் பார்த்தாள். எழுத்து பாதி வார்த்தையில் நின்றிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தயங்கித் தயங்கி மறுபடி நகர்ந்தது.

"எழுதுடி, எழுது. வந்து அந்தக் கையை ஒடிக்கிறேன்."

அடுப்பை அணைத்தாள். கட்டியிருந்த சேலையோடு, கிடைத்த வண்டியில் ஏறினாள். வழியெல்லாம் மகளுக்குக் கொடுக்க வேண்டிய அர்ச்சனையை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். மறந்து தொலைத்துவிடக் கூடாதே.

புள்ளியியல் வகுப்பு நடக்கும் பெரிய விரிவுரைக் கூடம். பின்கதவை மெதுவாகத் தள்ளினாள். முன்னால் பேராசிரியர் முதுகைக் காட்டி போர்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

கடைசி வரிசை ஓரத்தில் மகளின் லேப்டாப். மகளின் கறுப்புப் பலகை. அதன் மேல் குனிந்திருந்தது ஒரு வழுக்கைத் தலை.

காலையில் அவளே இஸ்திரி போட்டுக் கொடுத்த நீலக் கோடு போட்ட சட்டை.

பக்கத்தில் போய் நின்றாள்.

"நீங்களா?"

கணவர் நிமிர்ந்தார். முகம் வெளிறிப் போயிற்று. ஆனால் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

"மெதுவா. பாடம் நடக்குது."

"ஆபீஸ்?"

"அனுப்பிட்டாங்க. எனக்கு வயசாயிடுச்சாம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உன் தங்கச்சி புருஷனுக்கு வேலை போனப்போ, அந்த மனுஷனைச் சாப்பாட்டுத் தட்டு முன்னாடி உட்கார வச்சு நீ பேசினதை நானும் கேட்டேன். நம்ம பொண்ணும் கேட்டா."

அவள் பக்கத்து இருக்கையில் மெல்ல உட்கார்ந்தாள்.

பேராசிரியர் அடுத்த வரிக்குப் போனார். கணவரின் கையும் அவசரமாகப் பலகை மேல் ஓடியது.

"அவ... எங்கே?" என்றாள்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"என் இடத்துக்குச் சின்ன வயசா, குறைஞ்ச சம்பளத்துக்கு ஆள் தேடினாங்க. என்கிட்டகூடக் கேட்காம இவ போய் நின்னுட்டா. என் நாற்காலியிலதான் உட்கார்ந்திருக்கா. பரீட்சை போனாலும் போகட்டும், பாடமாவது அவளுக்கு விட்டுப்போகக் கூடாதேன்னு நான் இங்கே உட்கார்ந்திருக்கேன்."