கச்சானில் கருகும் செடி

கச்சான் வெக்கைக் காற்று வீட்டுக்குள்ளும் நுழைந்து, கோணாமலையின் மனைவி சுந்தரம்மா சட்டியில் வளர்த்த பன்னச்செடியைக் கருக்கியது. சுந்தரம்மா ஒருநாளும் வாடவிடாத செடி; அது பட்டுப்போனால் கட்டாரில் வேலை செய்யும் மகன் சங்கதியைக் கண்டுபிடித்துவிடுவான். வேலையை விட்டுவிட்டு ஓடி வருவான். கோணாமலை யன்னல்களை அடைத்து, நனைத்த சாரன் துணிகளைச் செடியைச் சுற்றித் தொங்கவிட்டார்.

"இந்தக் கருகலைத் தூக்கி வீசுங்க அண்ணன்," என்றான் பக்கத்து வீட்டு நல்லரெத்தினம்.

"வாயை மூடிக்கொண்டு போடா. மகனுக்குக் கோள் சொல்லுற ஆளே நீதான்."

பின்னேரம் மகன் வீடியோவில் வந்தான். "அம்மா எங்கப்பா?"

"குளிக்கிறா மனே. இந்தா, இப்பதான் செடிக்குத் தண்ணி தெளிச்சா."

அவசரத்தில் திருப்பிய போன் செடியின் கருகிய பக்கத்தைக் காட்டிவிட்டது.

"அம்மா செத்த அண்டைக்கே ஊரே எனக்குச் சொல்லிட்டுதப்பா. செடியக் காட்டவாவது நீங்க எழும்புறீங்க எண்டுதான் தெரியாத மாதிரிக் கேட்டன். அது பட்டாலும் நாளைக்குப் போனை எடுங்கப்பா."