விடப் பழகும் கை

மரத்துண்டு எங்கே கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

தெரியக் கூடாது. அதுதான் ஒப்பந்தம்.

சரிவு முழுக்க முழங்கால் உயரப் புல். தேயிலைச் செடிகளைப் பிடுங்கிவிட்டு அப்புறம் யாரும் திரும்பிப் பார்க்காத நிலம். கீழே குன்னூர் பனிமூட்டத்துக்குள் இருந்தது. இந்தப் புல்லுக்குள் எங்கோ ஒரு கற்பூர மரத்துண்டைக் குறுக்கே போட்டுவிட்டு, அடிவாரத்தில் போய் நின்றுகொண்டிருந்தாள் நசீமா. அவளோடு மலையேறிச் சைக்கிள் ஓட்டுகிறவள்.

முன்சக்கரம் அதில் மோதும். சைக்கிள் கவிழும். அவள் விழுவாள்.

விழுவதில் சந்தேகமே இல்லை.

விழும்போது வலது கை ஹேண்டில்பாரை விடுமா, விடாதா?

கேள்வி அது ஒன்றுதான்.

மழைக்காலத்தில் விழுந்தபோது விடவில்லை. வேர்கள் புடைத்த ஒரு வளைவு. சக்கரம் வழுக்கியதும், சைக்கிளைக் காப்பாற்றத்தான் கை பார்த்தது. கடைசி நொடி வரை பிடித்த பிடி. சைக்கிளில் ஒரு கீறல் இல்லை. கட்டைவிரல் பின்னால் மடங்கி, அடியில் இருந்த தசைநார் அறுந்துபோயிற்று.

சைக்கிள் குழுவின் வாட்ஸ்அப்பில் வந்த முதல் கேள்வியே, வண்டி தப்பித்ததா என்பதுதான்.

தப்பித்தது என்று அவளும் இடது கையால் பெருமையாகப் பதில் போட்டாள்.

பிறகு ஆபரேஷன். மாவுக்கட்டு. பிசியோதெரபி.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. இன்னொரு முறை அறுந்தால் தைப்பதற்கு அங்கே எதுவும் மிச்சம் இருக்காது, மூட்டை ஸ்க்ரூ போட்டு அசையாமல் பூட்டிவிட வேண்டியதுதான் என்றார்.

பூட்டிய விரலோடு சோறு பிசையலாம். கையெழுத்துப் போடலாம். மலையில் கியர் தட்ட முடியாது. தட்டுவது அந்த விரல்தான்.

அவள் அசரவில்லை. பசை மாதிரி ஓர் உருண்டையைக் கொடுத்துப் பிசையச் சொன்னார்கள். பஸ்ஸில் பிசைந்தாள். ஆபீஸ் மீட்டிங்கில், மேஜைக்கு அடியில் பிசைந்தாள். மாமியார் ஊரிலிருந்து வந்தபோது, அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டே இன்னும் நன்றாகப் பிசைந்தாள். பிடியின் பலம் பழைய அளவைத் தாண்டியது. பிசியோ பெண் கைதட்டினாள்.

அந்தக் கைதட்டலில்தான் அவளுக்கு உறைத்தது.

விடத் தெரியாத ஒரு கையை, இத்தனை நாளும் தீனி போட்டு வளர்த்திருக்கிறாள்.

சோதித்தும் பார்த்தாயிற்று. இதே புல்லில், நடக்கிற வேகத்தில் ஓட்டினாள். நசீமா பக்கத்தில் வந்து தள்ளிவிட்டாள். ஒவ்வொரு தடவையும் இடது கை விட்டது. வலது கை உடும்பாகப் பற்றிக்கொண்டது. தள்ளப்போகிறாள் என்று தெரிந்தாலே போதும், முன்கூட்டியே இறுகிவிடுகிறது.

அதனால்தான் ஒளித்துவைத்த மரத்துண்டு. அதனால்தான் வேகம்.

இன்றைக்கும் கை விடாவிட்டால் சைக்கிள் நசீமாவுக்கு. அவள் தானாகக் கொடுத்த வாக்கு. நசீமா வெகுநாளாகக் கண் வைத்திருந்த வண்டிதான். ஆனாலும் அதைக் கேட்டதும் நசீமாவின் முகம் சுண்டிப்போயிற்று.

"எல்லாரும் விழாம இருக்கப் பழகுவாங்க. நீங்க ஒருத்திதான்க்கா விழறதுக்குப் பழகுறீங்க."

சொல்லிவிட்டுத்தான் கீழே இறங்கிப் போனாள்.

சரிவின் உச்சியில் அவள் ஹெல்மெட் வாரை இறுக்கினாள். முழங்கால் கவசத்தைத் தட்டிப் பார்த்தாள். கட்டைவிரலைச் சுற்றி டேப்.

பிரேக்கை விட்டாள்.

சைக்கிள் இறங்கியது. புல் காலில் அறைந்தது.

முதல் வளைவு. ஒன்றுமில்லை.

வரப்பு மாதிரி ஒரு மேடு. அதற்கு அப்பாலும் ஒன்றுமில்லை.

பாதிச் சரிவு தாண்டியாயிற்று.

போடவே இல்லையோ?

பாசத்தில் ஏமாற்றிவிட்டாளோ?

கோபம் வந்தது. இன்னும் அழுத்தி மிதித்தாள். கீழே நசீமாவின் சிவப்பு ஜெர்கின் பெரிதாகிக்கொண்டே வந்தது. போய் நின்றதும் அவளை என்ன கேட்பது என்று வார்த்தைகளை அடுக்கத் தொடங்கினாள். முதல் வார்த்தை கிடைத்தது.

டொக்.

வானம். புல். வானம்.

தோள் மண்ணில் மோதியது. உருண்டாள். மறுபடியும் உருண்டாள்.

எங்கோ கீழே, இரும்பு பாறையில் மோதும் சத்தம். இன்னொரு தடவை. அப்புறம் அமைதி.

வலது கை புல்லில் விரிந்து கிடந்தது. உள்ளங்கை வானத்தைப் பார்த்தபடி.

உள்ளே ஒன்றுமே இல்லை.

கட்டைவிரலை மடக்கினாள். மடங்கியது. ஒவ்வொரு விரல் நுனியாகத் தொட்டுக்கொண்டே போனாள். சுண்டுவிரல் வரைக்கும் எட்டியது.

நசீமா மூச்சிரைக்க ஓடி வந்தாள். விரலைப் பார்த்தாள். பிறகு பள்ளத்தை எட்டிப் பார்த்தாள். முன்சக்கரம் எட்டாக வளைந்துவிட்டது, ஹேண்டில்பார் ஒரு பக்கம், சீட் ஒரு பக்கம் என்று சொல்லிக்கொண்டே போனவளுக்குப் பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. ஜெயித்தாயிற்று, வாங்க டீ குடிக்கப் போகலாம் என்றாள்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். முழங்கையில் ரத்தம். துடைக்கவில்லை.

சரிவின் உச்சியைப் பார்த்தாள்.

"ஒரு தடவை விட்டது அதிர்ஷ்டமாக்கூட இருக்கலாம் நசீ. உன் வண்டியக் குடு."

நசீமாவின் சிரிப்பு நின்றது.

வேலியோரம் சாய்த்து வைத்திருந்த தன் சைக்கிளைப் பார்த்தாள். காலையில்தான் துடைத்திருந்தாள். பளபளவென்று நின்றது.



போய், சீட்டை அக்காவின் உயரத்துக்கு ஏற்றினாள். பிரேக்கை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தாள்.

பிறகு, ஹேண்டில்பாரில் இருந்த சின்ன மஞ்சள் மணியை மட்டும் கழற்றி, ஜெர்கின் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள்.