கடைசி வரிசை

"டாக்டர் படிப்புக்கு முந்தின நாலு வருஷத்தையும் அந்தக் குட்டிக் காலேஜுலயா வீணாக்கப் போறே?" முள்கரண்டியைத் தட்டில் போட்டார் ரசல்.

"அங்க வகுப்புக்கு இருபது பேர்தான்ப்பா. நாளைக்கு மெடிக்கல் ஸ்கூலுக்கு சிபாரிசுக் கடிதம் எழுதுறவருக்கு என் மூஞ்சியாவது தெரியும்," என்றாள் மகள் மேரன்.

"பெரிய யுனிவர்சிட்டியில தெரியாதாக்கும்? கெட்டிக்காரி நானூறு பேருக்கு நடுவுலயும் பளிச்சுன்னு தெரிவா. கையைத் தூக்கிக் கேள்வி கேட்டா எந்த வாத்தியார் மறப்பான்?"

"தூக்கினேனே."

"எப்போ?"

"செவ்வாய்க்கிழமை ஸ்கூலுக்கு மட்டம் போட்டுட்டு உங்க யுனிவர்சிட்டிக்குத்தான் போனேன். ஒரு வகுப்புல கடைசி வரிசையில உட்கார்ந்து கையைத் தூக்கினேன். 'பச்சைத் தொப்பி, கையை இறக்கு. சந்தேகம்னா ஈமெயில் போடு'ன்னுட்டார் வாத்தியார்."

ரசலுக்குச் சுரீரென்றது. அவர் பெண்ணைப் பார்த்தா இப்படி?

"எந்த மடையன் அவன்? நாளைக்கே போய் உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்!"

மேரன் எழுந்து போய், கிறிஸ்மஸுக்கு அவரே வாங்கிக் கொடுத்த பச்சைத் தொப்பியை மாட்டிக்கொண்டு எதிரே வந்து நின்றாள்.

"நாளை வரைக்கும் எதுக்குப்பா? அன்னிக்குப் பாடம் எடுத்தது நீங்கதான்."