கிரீடம் இறுக்கவில்லை

கிரீடம் வேம்புலியின் தலையில் அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. அம்மன் வாக்கு பலித்துவிட்டது என்று நினைத்தான். சந்தோஷம் வருமென்று கொஞ்ச நேரம் காத்திருந்தான், ஒன்றும் வரவில்லை.

“இறுக்குதா மச்சான்?” என்று கேட்டான் அவனுக்கு அரிதாரம் பூசிவிட்ட துலுக்கானம்.

“இல்ல.”

கள்ளிக்குப்பம் கோயில் நாடகத்தில் பதினான்கு வருஷமாக வேம்புலிக்கு ஒரே வேஷம், வாயிற்காவலன். சேனாதிபதி வேஷம் பரந்தாமன் அண்ணனுடையது. குறத்தி சொன்ன குறியை நம்பி, தூங்கும் ராஜாவைக் கொன்று கிரீடம் சூடி, கடைசியில் புத்தி பேதலித்துச் சாகிற பாத்திரம். அந்த வசனம் அத்தனையும் வேம்புலிக்கு மனப்பாடம். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத்து மெஷின் ஓட்டும்போதுகூட வாய் அதைத்தான் முணுமுணுக்கும்.

கிரீடம் பரந்தாமன் வீட்டுப் பூஜையறையில் இருக்கும். அவராகக் கொடுத்தாலொழிய இன்னொருவர் சூடக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. ஆறு வருஷத்துக்கு முன்பு வேம்புலி திருட்டுத்தனமாக ஒரு தரம் போட்டுப் பார்த்தான். அவனுக்கு மண்டை பெரிது; கிரீடம் உச்சந்தலையிலேயே நின்றுவிட்டது.

இந்த ஆடியில் கூழ் ஊற்றிய அன்று, சாமி வந்து ஆடிய பெண்ணொருத்தி அவன் முன்னால் வந்து நின்றாள். “இந்த வருசம் கிரீடம் உன் தலைக்கு வருதுடா” என்றாள். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பரந்தாமனோ இன்னும் பத்து வருஷம் ஆடுவார் போல் திடமாக இருந்தார். அம்மன் சொல்லிவிட்டாள், வழியை நாம்தான் பார்க்க வேண்டும் என்று இவனுக்குத் தோன்றிவிட்டது.

மேடை கட்டுவது அவன் வேலை. ஒத்திகையன்று சிம்மாசனப் பலகையில் ஒரு கயிற்றை மட்டும் முடிச்சுப் போடாமல் சுற்றிவிட்டான். கால் முறிந்தால் போதும் என்றுதான் நினைத்தான். பரந்தாமன் பின்மண்டை அடிபட விழுந்து, மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து பிணமாக வந்தார். கயிறு நைந்துபோயிருந்தது என்று ஊர் பேசிக்கொண்டது. பாடையின் முன்பக்கத்தை வேம்புலிதான் தூக்கினான்.

சாமி காரியம் நிற்கக் கூடாதென்று, பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஊர் கூடி வேஷத்தை அவனுக்கே கொடுத்தது. வசனம் தெரிந்தவன் வேறு யார் இருக்கிறார்கள்? இன்று சாயங்காலம் பரந்தாமனின் மனைவி பூங்காவனம் கிரீடத்தை மஞ்சள் துணியில் சுற்றித் தானே எடுத்து வந்தாள். துலுக்கானத்திடம் கொடுத்துவிட்டு, வேஷம் கட்டும் பள்ளிக்கூட அறையின் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

மணி அடித்தது. மேடைக்குப் போக எழுந்தவன் அவளைத் தாண்ட முடியாமல் நின்றான். காலில் விழுந்துவிடலாமா என்று பார்த்தான், முழங்கால் மடங்கவில்லை. ஏதாவது பேச வேண்டுமே என்று, “கச்சிதமா கீது அண்ணி” என்றான்.

பூங்காவனம் கையை நீட்டி, கிரீடத்தின் விளிம்பில் மடங்கியிருந்த புது நாடாவைச் சரிசெய்தாள்.

“மேடையில வெச்சித்தான் உன்கிட்ட சொல்லணும்னு இருந்தாரு உங்கண்ணன். இந்த வருசத்துலேர்ந்து நீதான்னு, ஆடி பொறக்கறதுக்கு முன்னாடியே இத உன் தலை அளவுக்குப் பிரிச்சிக் கட்டிட்டாரு.”