பதினாலாம் நம்பர் கல்

"பதினாலாம் நம்பர் கல்லைக் காணோம்ங்க" என்றான் குமாரவேல்.

பெருமாள்சாமி டீ டம்ளரைக் கீழே வைத்தார். பனியன் கம்பெனி முதலாளி.

"காணோமா? அதென்ன கர்ச்சீப்பாடா தொலைஞ்சு போக? இடுப்பளவு கல்லு."

"குழிதாங்க இருக்குது."

தொண்ணூற்றெட்டாம் வருசம். திருப்பூருக்கு இன்டர்நெட் வந்த புதுசு. சுற்றுவட்டாரத்து நடுகல், கல்வெட்டு எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிட வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. "பழசை அழிய விடலாமா?" என்று பார்க்கிறவரிடமெல்லாம் கேட்பார். செலவு அவருடையது. மூளை குமாரவேலுடையது. கம்பெனியில் டிசைன் கம்ப்யூட்டர் பார்க்கிறவன்.

அவன் போட்ட முறை எளிது. முதலில் கல்லில் வெள்ளைப் பெயிண்டால் நம்பர். அப்புறம் போட்டோ. திரையில் நம்பரைத் தட்டினால் படம், ஊர், விவரம் எல்லாம் வரும்.

பதினாலு என்பது பொங்கலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்த புலிகுத்திக் கல். வீரன் ஒருத்தன் புலியைக் குத்திக்கொண்டு நிற்பான். நம்பர் எழுதியாகிவிட்டது. போட்டோ எடுக்கப் போனால் கல் இல்லை.

"ஆரு தூக்குனது?"

"மருதாள்னு ஒரு பொம்பளைங்க. பனியன் வேஸ்ட் பிரிக்கிற ஆளு. நாலு பேரோட வந்து வண்டியில ஏத்துனதைத் தோட்டத்துக்காரரே பார்த்திருக்காருங்க."

"துணி தொவைக்கப் போட்டிருப்பா. நாம காப்பாத்தணும்னு தவிக்கிறோம், இதுக சோப்புப் போடுதுக. எடுறா ஜீப்பை. அப்படியே போலீஸ்லயும் சொல்லிரலாம்."

"மொதல்ல கல்லு முழுசா இருக்குதான்னு பாப்போம்ங்க. புலியோட வால் வரைக்கும் தேயாம இருந்தது அது ஒண்ணுதானுங்க."

வாய்க்கால் ஓரம் தகரக் கொட்டகை. வாசலில் வேஸ்ட் மூட்டைகள். குமாரவேல் இரண்டை இழுத்துத் தள்ளினான். அடியில் கல் மல்லாந்து கிடந்தது. நல்லவேளை, முழுசாக இருந்தது. நம்பரை மட்டும் காணோம். மண்ணெண்ணெய் நாற்றம் அடித்தது.

"நம்பரை அழிச்சிருக்கா பாரு. கைதேர்ந்தவ" என்றார் முதலாளி.

உள்ளேயிருந்து மருதாள் வந்தாள். ஒளியவில்லை. ஓடவில்லை.

"நாந்தானுங்க தூக்கிட்டு வந்தேன்."

"எவனுக்கு விக்கலாம்னு?"

"சாமிய ஆராச்சும் விப்பாங்களா?"

அப்போதுதான் குமாரவேல் கவனித்தான். வீரனின் நெற்றியில் விபூதி. தலைமாட்டில் அரளிப்பூ.

"அப்புறம் எதுக்கு இங்க கொண்டாந்து மூடி வெச்சே?"

"நம்பர் போட்டுட்டீங்களேங்க."

"போட்டா என்ன?"

மருதாள் அவர்களை மாறி மாறிப் பார்த்தாள். தெரிந்துதான் கேட்கிறார்களா என்பதுபோல.

"நாங்க குடியிருந்த லைன் ஊட்டுக்கு நம்பர் போட்டாங்க. மறுவாரமே இடிச்சுட்டாங்க. வாசல்ல வேப்பமரம் நின்னுச்சு. அதுக்கும் போட்டாங்க. வெட்டிட்டாங்க. இப்ப சாமிக்குப் போட்டிருக்கீங்க. அதையும் பாத்துட்டு நிக்கச் சொல்றீங்களா?"

குமாரவேல் குனிந்து கையைப் பார்த்தான். நகக்கண்ணில் வெள்ளைப் பெயிண்ட் இன்னும் ஒட்டியிருந்தது.

முதலாளிதான் கொதித்தார். "குடியிருக்கிற ஊட்டை இடிச்சானா? எந்தக் கழுதை அவன்? பேரைச் சொல்லு, நான் கேக்கறேன்."

மருதாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"பேரெல்லாம் எனக்குத் தெரியாதுங்க சாமி. குடோன் கட்டறாங்கன்னு சொன்னாங்க. நம்பர் போட வந்தது இதே ஜீப்புதானுங்க."