ஸ்டூல் மேல் ஒரு ஃபோன்

"அது அடிச்சுத் தொலைச்சா என்ன சார் பண்றது?" என்றார் ஒருங்கிணைப்பாளர் மேடம்.

மேடை நடுவில் ஒரு ஸ்டூல். ஸ்டூல் மேல் ஒரு ஃபோன், அதன் மேல் வட்டமாக விளக்கு வெளிச்சம். பக்கத்தில் ஒரு மாணவி புல்லாங்குழலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நிஜ ஃபோனா?"

"என்னோடதுதாங்க. சார்ஜ் ஃபுல். சத்தமும் ஃபுல்."

"அய்யய்யோ!"

"இதுவரைக்கும் மூணு ஊர்ல வாசிச்சாச்சு மேடம். ஒரு தடவகூட அடிச்சதில்ல."

மேடத்துக்குப் போன உயிர் வந்தது.

பல்கலைக்கழக இசைத் துறையில் அன்று நவீன செவ்வியல் இசையமைப்பாளர்களின் வட்டாரச் சந்திப்பு. வந்தவர்கள் எல்லாருமே இசையமைப்பாளர்கள் என்பதால், ஸ்வெட்டர் போட்டு வந்திருந்த நம்மவரை ஸ்வெட்டர்காரர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் படைப்பை மற்றவர்கள் கேட்க வேண்டும் என்பது ஏற்பாடு. தன் படைப்பு முடிந்ததும் டீ குடிக்கக் கிளம்புவது நடைமுறை.

காலையில் வாசலில் செக்யூரிட்டி அவரை நிறுத்தினார். "எந்தப் படத்துக்கு சார் மியூசிக் போட்டிருக்கீங்க?"

"படத்துக்கெல்லாம் போட்டதில்லைங்க."

"பரவால்ல, விடாம முயற்சி பண்ணுங்க."

அன்று முழுக்க அவரிடம் ஒருவர் மனம் விட்டுப் பேசியது அவ்வளவுதான். டீ இடைவேளையில் எதிரே வந்தவர்கள் முதலில் அவர் ஸ்வெட்டரில் குத்தியிருந்த பெயர் அட்டையைப் படித்தார்கள். பிறகு அவர் தோளுக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்கள். அவர் போய் நின்ற ஒரு கூட்டம், இரண்டு மிடறுக்குள் கலைந்து வேறு மூலையில் கூடியது.

அவருடையதுதான் கடைசி நிகழ்ச்சி. அது முடிந்த பிறகுதான் சான்றிதழ் என்று மேடம் சொல்லியிருந்ததால் அரங்கம் நிறைந்திருந்தது.

திரைக்குப் பின்னால் மாணவி கேட்டாள். "கடைசிப் பக்கம் காலியா இருக்கே சார். 'காத்திருக்கவும்'னு மட்டும் போட்டிருக்கீங்க. எது வரைக்கும்?"

"தெரிஞ்சிடும்மா."

"தெரியலைன்னா?"

"கை வலிச்சா இறக்கிடு." அவர் குரலைத் தாழ்த்தினார். "இந்தத் தடவையாவது இது சரியா வரணும்மா. ஒரு ஊர்லயும் வரல."

"நான் தப்பு விடமாட்டேன் சார்."

"உன் வாசிப்பச் சொல்லல."

மேடம் மைக்கைப் பிடித்தபோது, அவர் பக்கவாட்டிலிருந்து மெதுவாகக் கூப்பிட்டார். "மேடம், அந்த ஃபோன் அறிவிப்பு... அத மட்டும் விட்டுடலாமே."

"ரூல்ஸ் சார். அதுவும் உங்க ஐட்டத்துக்குத்தான் அமைதி ரொம்ப முக்கியம்."

அவர் இறங்கிப் போய் முன்பக்கச் சுவரோரம் நின்றுகொண்டார்.

"எல்லாரும் ஃபோனை ஆஃப் பண்ணிடுங்க. அடுத்த படைப்பின் தலைப்பு..." மேடம் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். "தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு கோடியே எழுபத்து மூன்று லட்சத்து..." என்று பட்ஜெட் வாசிப்பதுபோல் ஆரம்பித்து, மூச்சு வாங்கி முடித்தார்.

யாரும் ஆச்சரியப்படவில்லை. காலையில் வந்த ஒரு படைப்பின் பெயர் 'முக்கோணம் ஏழு'. இன்னொன்றின் பெயர் வெறும் காற்புள்ளி. நிகழ்ச்சி நிரலில் தலைப்பைக் கொட்டை எழுத்தில் போடுங்கள், என் பெயர் பொடியாக இருந்தாலும் போதும் என்று ஸ்வெட்டர்காரர் கேட்டிருந்தார். அதுதான் கொஞ்சம் புதிது.

புல்லாங்குழல் ஒரு வரி வாசித்தது. நின்று, ஃபோனைப் பார்த்தது. அதைவிடச் சின்னதாக இன்னொரு வரி. மறுபடி ஃபோன். போகப் போக வரி தேய்ந்து, ஒரே ஒரு சுரமாகி, அதுவும் நின்றுபோனது.

அரங்கத்தில் மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. எங்கே அடித்துவிடுமோ என்று எல்லாரும் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் நின்ற ஸ்வெட்டர்காரர் மட்டும் மேடையைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு வரிசையாக, உட்கார்ந்திருந்தவர்களின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லார் கையிலும் நிகழ்ச்சி நிரல் அசையாமல் இருந்தது.

மாணவிக்குக் கை வலித்தது. புல்லாங்குழலை இறக்கினாள்.

அவ்வளவுதான், அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசைப் பெண் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தனிமைய இதுக்கு மேல யாராலயும் சொல்ல முடியாதுப்பா," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லி, அவரோடு சேர்ந்து வெளியே நடந்தார். மேடம் ஓடி வந்து, "சொன்ன மாதிரியே அடிக்கல சார்!" என்று கைகுலுக்கிவிட்டுச் சான்றிதழ் கொடுக்கப் போனார்.

அணைத்த ஃபோன்களுக்கெல்லாம் உயிர் வந்தது. வாசல் வரைக்கும் டிங் டிங் என்று சத்தம். ஸ்டூல் மேல் இருந்தது மட்டும் தேமேயென்று கிடந்தது. ஸ்வெட்டர்காரர் மேடையேறி அதை எடுத்து ஸ்வெட்டரில் துடைத்தார்.

பின்னாலேயே இசைத் துறைப் பேராசிரியர் ஏறி வந்தார். கையில் நிகழ்ச்சி நிரல். தலைப்பைச் சுற்றி ஏகப்பட்ட பென்சில் கணக்கு.

"மொத்தச் சூட்சுமமும் தலைப்புலதான் சார் இருக்கு. நான் விடல. ஒவ்வொரு எண்ணையும் ஒரு சுரமா மாத்திட்டேன். பூஜ்யம்னா மௌனம், அதுவும் பிடிபட்டுச்சு. ஆனா இருக்கிறது ஏழே சுரம். இந்த எட்டும் ஒன்பதும் எங்க போய் உக்காரும்? நீங்களே சொல்லிடுங்க, என்ன எண் சார் இது?"

ஸ்வெட்டர்காரர் ஃபோனை ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டார்.

"என் ஃபோன் நம்பருங்க."