துரையின் வெயில் கண்ணாடி

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசில் செசீலியாவின் மூட்டை உட்கார்ந்திருக்கிறது. திரையில் இருபத்திரண்டு கிலோ; முழுநாள் சம்பளத்துக்கு அது போதும். தோட்டத்தை நடத்த வந்த புதிய துரை குனிகிறார். திரைக்குள்ளிருக்கும் திரவப் படிகம் ஒரே திசையில் அதிரும் ஒளியை வெளியே அனுப்ப, கொழும்பில் வாங்கிய அவருடைய வெயில் கண்ணாடி அந்தத் திசையை மட்டும் உள்ளே விடுவதில்லை. அவருக்குத் திரை முழுக்க இருட்டு. "தராச ஒடச்சிட்டாளா? அரநாள் போடு!" என்று கணக்கப்பிள்ளையிடம் கத்துகிறார். "நம்பர் தெரியுதுங்களே தொர, இருபத்திரெண்டு!" என்கிறாள் செசீலியா. "அப்ப எனக்கென்ன கண்ணு பொட்டையா?" என்று துரை அவளைப் பிடித்துத் தள்ளுகிறார். அவள் தூணில் மோதி விழ, அவருடைய கண்ணாடியும் கழன்று விழுகிறது. வரிசையில் நிற்கும் பெண்களோடு சேர்ந்து துரையும் இருபத்திரண்டைப் பார்க்கிறார். யாரோ ஒருத்தி சிரித்துவிடுகிறாள். துரையின் சப்பாத்துக் குதிகால் தராசின் திரையில் இறங்குகிறது. உடைந்த இடத்திலிருந்து கருமை மசிபோலப் பரவி எண்களை விழுங்குகிறது. "இப்ப பாருடி!" என்கிறார் துரை. செசீலியா நெற்றி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு பார்க்கிறாள். கண்ணாடி வழியே துரைக்குத் தெரிந்ததேதான் அவளுக்கும் தெரிகிறது.